மாலை வாங்க மலாயா வந்தவர்கள்

சென்னையிலிருந்து ஒரு பிரமுகர் கோலாலம்பூருக்கு வந்து மேடையேறுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டிமன்ற நடுவர், கவிஞர், நடிகர், முன்னாள் அமைச்சர், யாராக வேண்டுமானாலும் இருக்கட்டும். மைக்கை இரண்டு தட்டு தட்டுவார். தொண்டையைச் செருமுவார். அடுத்து அவர் என்ன சொல்லப்போகிறார் என்பது மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் கிள்ளான் பாட்டிக்கு நாற்பது வருடமாகத் தெரியும். அவர் வாய் திறப்பதற்குள் பாட்டி முணுமுணுத்துவிடுவார்: "எங்க ஊர்ல தமிழ் செத்துக்கிட்டிருக்கு. இங்கதான் வாழுது!"

அதையேதான் பிரமுகரும் சொல்வார். கைதட்டல் மண்டபத்தைப் பிளக்கும். பாட்டியும் தட்டுவார். விருந்தாளிக்கு மரியாதை என்பது ஒரு காரணம். தட்டினால்தான் பேச்சு முடியும், பேச்சு முடிந்தால்தான் பந்தி போடுவார்கள் என்பது நிஜக் காரணம்.

ஆஸ்திரேலியர்கள், தங்கள் ஊருக்குப் படிக்கவும் சுற்றிப் பார்க்கவும் வரும் அமெரிக்கர்களைப் பற்றிப் பேசும்போது ஒரு மாதிரிச் சிரிப்பார்கள். "நல்ல பிள்ளைங்கதான், சத்தம்தான் கொஞ்சம் ஜாஸ்தி" என்கிற சிரிப்பு. இரண்டு பேருக்கும் ஒரே மொழி. ஆனால் வருகிறவன் பெரிய நாட்டுக்காரன், சினிமா எடுக்கிற நாட்டுக்காரன். உங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு உங்கள் வீட்டைப் பற்றி உங்களுக்கே விளக்கம் சொல்வான். இந்தச் சிரிப்பை எங்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம். கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர்கள் நாங்கள் நூறு வருடமாக இதை மீசைக்குள் ஒளித்துவைத்துக்கொண்டுதான் மாலை போட்டுவருகிறோம்.

வந்தவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. நோபல் பரிசுக் கவிஞர், பகுத்தறிவுப் பகலவன், வெள்ளி நாக்குப் பேச்சாளர், வருங்காலப் பிரதமர் என்று ஒரு பெரிய ஸ்டார் நைட்டே நடந்திருக்கிறது. அவர்கள் வந்த தேதியும் பேசிய பேச்சும் புத்தகத்தில் இருக்கும். கீழே நின்று அண்ணாந்து பார்த்தவன் என்ன நினைத்தான் என்பது மட்டும் எந்தப் புத்தகத்திலும் இருக்காது. அந்தக் குறையை இப்போது தீர்த்துவைத்துவிடுவோம்.

முதல் மரியாதை ஒரு வெள்ளைக்காரருக்கு. 1901-இல் கிள்ளான் ஆறு கடலில் சேரும் இடத்தில் புதுத் துறைமுகம் ஒன்றைத் திறந்தார்கள். என்ன பெயர் வைக்கலாம் என்று யாரும் மூளையைக் கசக்கவில்லை. இங்கே ஆட்சி நடத்திய சர் ஃபிராங்க் சுவெட்டன்ஹாம் உயிரோடும் பதவியோடும் அதைவிட அதிகப் பெருமையோடும் இருந்தார். வைத்தார்கள் பெயரை: போர்ட் சுவெட்டன்ஹாம்! உலகத்துக் கப்பல்களெல்லாம் அவர் பெயரைச் சொல்லி நங்கூரம் போட வேண்டும் என்று ஆசை. ஆனால் அவரை வரவேற்கத் திரண்டு வந்தவை கொசுக்கள்.

துறைமுகம் திறந்த கொஞ்ச நாளிலேயே ஆட்கள் மலேரியாவில் கொத்துக் கொத்தாகப் படுத்துவிட்டார்கள். இழுத்து மூடிவிடலாமா என்கிற பேச்சே வந்துவிட்டது. கிள்ளானில் டாக்டராக இருந்த மால்கம் வாட்சன்தான் சதுப்பை வடியவிட்டு, வாய்க்கால் வெட்டி, துறைமுகத்தின் மானத்தைக் காப்பாற்றினார். பெயர் சுவெட்டன்ஹாமுக்கு, சேறு வாட்சனுக்கு. 1972-இல் நாங்கள் அந்தப் பெயரையும் எடுத்துவிட்டு போர்ட் கிள்ளான் ஆக்கிவிட்டோம். கொசு மட்டும் யார் பெயர் வைத்தாலும் கவலைப்படாமல் இன்றைக்கும் கடிக்கிறது.

எங்கள் தாத்தாக்கள் இறங்கியதும் இதே துறையில்தான். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆளை ஏற்றிக்கொண்டு, பினாங்கு வழியாக வரும் கப்பல்கள். அதில் 1926-இல் கட்டிய 'ரஜூலா'வைச் சொன்னால் இன்றைக்கும் கிள்ளான் பெரிசுகளுக்குக் கண்ணில் தண்ணீர் வரும். பாசம் பாதி, மேல்தளத்தில் வாந்தியெடுத்த ஞாபகம் பாதி. இறங்கியவர்களுக்கு மாலை ஏது? கையில் அம்மை குத்தி குவாரண்டைன் கேம்ப்பில் அடைத்தார்கள். இன்றைக்கு ஏர்போர்ட்டில் நடிகருக்காக ஆளுயர மாலையோடு நிற்பவன், அன்றைக்குக் கையில் அம்மைத் தழும்போடு வந்தவனின் பேரன். நடிகருக்கு அது தெரியாது. பேரனுக்கும் செல்ஃபி எடுக்கும் அவசரத்தில் ஞாபகம் இருக்காது.

இதற்கெல்லாம் முன்பே கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் வேறொரு நாடகம். 1881-இல் ஒரே வருடத்தில் தீயும் வெள்ளமும் வந்து கோலாலம்பூரைத் துடைத்துப் போட, இனி எல்லாம் செங்கல்லிலேயே கட்டுங்கள் என்று உத்தரவு. யார் போட்ட உத்தரவு என்கிறீர்கள்? நம்ம சுவெட்டன்ஹாம்தான்! அந்தச் செங்கல்லைச் சுட்ட இடம்தான் பிரிக்ஃபீல்ட்ஸ். அப்புறம் ரயில்வே வந்தது. ஸ்பூனர் என்ற எஞ்சினியர் அதற்கு முன்னால் சிலோனில் வேலை பார்த்தவர். பழகிய ஆட்கள் இருந்தால் நல்லது என்று யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளை வரவழைத்தார். இங்கிலீஷ் படித்த பிள்ளைகள். வெள்ளைக் கால்சட்டை, பித்தளைப் பொத்தான், ஸ்டேஷன் மாஸ்டர் தொப்பி. பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியேறி, ஸ்காட் ரோட்டில் கந்தசாமி கோயிலைக் கட்டிக்கொண்டார்கள்.

ஆக, ஒரே முருகனைக் கும்பிடும் இரண்டு தமிழர்கள் ஒரே ஊரில். தோட்டத்துத் தமிழரைப் பார்த்து யாழ்ப்பாணத்தார், "அவர்கள் இந்தியாக்காரர்" என்றார். யாழ்ப்பாணத்தாரைப் பார்த்துத் தோட்டத்துத் தமிழர், "அவங்க சிலோன்காரங்க" என்றார். இரண்டு பேரும் கப்பலில் வந்தவர்கள்தான். டிக்கெட் கிளாஸ்தான் வேறே. கப்பலில் முந்தி இறங்கியவன் பிந்தி இறங்குகிறவனைப் பார்த்துச் சிரிப்பது என்கிற எங்கள் தேசிய விளையாட்டு இப்படித்தான் ஆரம்பமானது. நாடே இல்லாத காலத்தில் தேசிய விளையாட்டு!

சரி, ஸ்டார்களுக்கு வருவோம். 1927-இல் தாகூர் வந்தார். சிங்கப்பூரில் இறங்கி, மலாக்கா, கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு என்று ஒரு சுற்று. அந்தத் தாடியும் அங்கியும் போதும், டிக்கெட் போட்டே விற்றிருக்கலாம். ஆசியாவின் ஆன்மா, மனிதகுல ஒற்றுமை என்று கவி பேசினார். அதோடு சாந்திநிகேதனத்து விஸ்வபாரதிக்கு நிதியும் திரட்டினார். ரப்பரும் ஈயமும் காசாகக் கொட்டிய ஊர் அது. கவிஞருக்கும் கட்டட நிதி வேண்டுமே! அவர் இங்கிலீஷில் பேசினார். வங்காளத்தில் பேசியிருந்தாலும் எங்கள் ஆட்கள் அதே அளவுதான் தலையாட்டியிருப்பார்கள்.

இரண்டு வருடம் கழித்து 1929 டிசம்பரில் பெரியார், நாகம்மையாரோடு பினாங்கில் வந்து இறங்கினார். அவர் வருவதற்கு முன்பே இங்கிருந்த சில பெரிய மனிதர்களுக்கு வயிற்றைக் கலக்கியது. சாமி இல்லை, சாதி இல்லை என்று ஒருத்தர் வந்து சொன்னால், கோயில் கமிட்டித் தலைவர் என்ன ஆவது? வரவிடாமல் தடுக்கப் பார்த்தார்கள். அதைவிடச் சிறந்த விளம்பரம் உண்டா? இன்றைக்கு டிரெய்லரைத் தடைசெய்தால் படம் ஓடுகிற மாதிரி, பினாங்கு முதல் சிங்கப்பூர் வரை கூட்டம் அள்ளியது.

பெரியாரிடம் எனக்குப் பிடித்தது வேறு. பிற்காலத்தில் அவர் மாலையா, ஒரே நாளில் வாடிப்போவது எதற்கு, காசாகக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கி இயக்கத்துக்குச் சேர்த்துவைத்தவர். கையெழுத்துக்கு இவ்வளவு, குழந்தைக்குப் பெயர் வைக்க இவ்வளவு என்று ரேட் கார்டே உண்டு. நூறு வருடமாக மாலை போட்டுவரும் எங்களுக்கு, மாலை என்பது ஒரு வீண் செலவு என்று முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய விருந்தாளி அவர் ஒருவர்தான். அவர் பேச்சில் சாமியை விட்டவர்கள் உண்டு, சாதியை விட்டவர்கள் உண்டு. மாலையை விட்டவனை நான் இன்னும் பார்க்கவில்லை.

இப்போது கதையின் நட்சத்திர வேடம். மகாகனம் வி.எஸ். ஸ்ரீனிவாச சாஸ்திரியார்! கும்பகோணத்துப் பக்கம் வலங்கைமானில் பிறந்தவர். பிரைவி கவுன்சிலர். அவர் பேசும் இங்கிலீஷைக் கேட்டு இங்கிலீஷ்காரர்களே வாயைப் பிளந்தார்கள். சாம்ராஜ்யத்தின் வெள்ளி நாக்கு என்று பட்டம். 1936 டிசம்பரில் இந்திய அரசாங்கம் அவரை மலாயாவுக்கு அனுப்பியது. வேலை என்ன தெரியுமா? ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டும் தொழிலாளி எப்படி இருக்கிறான் என்று பார்த்துவிட்டு ரிப்போர்ட் எழுத வேண்டும். உலகத்தின் மிகச் சிறந்த இங்கிலீஷை, ஒரு வார்த்தை இங்கிலீஷ் தெரியாதவனிடம் அனுப்பிய பெருமை டில்லியைச் சேரும்.

கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். விடியற்காலை இருட்டில் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. வரிசையாக ஆள் நிற்கிறது. ஒட்டுப்பால் நாற்றம் ஊறிய சட்டை, தலையில் முண்டாசு, தோளில் காண்டா வாளி. அன்றைக்கு மட்டும் லயத்தில் சுண்ணாம்பு அடித்திருக்கும். வாய்க்காலில் தண்ணீர் ஓடும். தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் முகத்தில் புன்னகை ஓடும். கார் வந்து நிற்கிறது. மகாகனம் இறங்குகிறார். பக்கத்தில் துரை, பின்னால் குமாஸ்தாவான கிராணி, அதற்கும் பின்னால் கங்காணி. "ஏதாவது குறை உண்டா?" என்று கேட்டால், இந்த மூன்று பேர் முகத்தையும் வரிசையாகப் பார்த்துவிட்டு ஒருத்தன் என்ன சொல்வான்? "ஒண்ணுமில்லீங்க சாமி" என்பான். ரிப்போர்ட்டில் அதற்குப் பெயர் திருப்தி.

மூன்று நாள் பிரிக்ஃபீல்ட்ஸில் தங்கி, நாலு கடையில் வாழையிலைச் சோறு சாப்பிட்டுவிட்டு, 'மலேசியாவைப் பற்றி யாரும் சொல்லாத உண்மைகள்' என்று வீடியோ போடும் ஃபுட் விலாகர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தப் பரம்பரையின் ஆதி புருஷர் சாஸ்திரியார் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் சில வாரம் சுற்றினார், நல்ல மனதோடுதான் எழுதினார். கூலியை 1928-இல் இருந்த அளவுக்கு, அதாவது ஆணுக்கு நாளுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று திரும்பக் கொண்டுவாருங்கள் என்றார். இந்தியாவிலிருந்து ஆட்கள் வருவதைத் தடுக்க ஒரு காரணமும் இல்லை என்றும் எழுதினார். இங்கிருந்த மத்திய இந்தியர் சங்கத்துக்காரர்கள் தலையில் கையை வைத்துக்கொண்டார்கள். இதற்கா இத்தனை மாலை?

1938 ஜூனில் இந்திய அரசாங்கம் உதவிப் பயணத்தில் தொழிலாளர்களை மலாயாவுக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டது. வெள்ளி நாக்கு சொன்னதை அனுப்பியவர்களே கேட்கவில்லை. விலாகர் கமென்ட் பாக்ஸை மூடிவிட்டுப் போன கதைதான்.

அடுத்தது மாலை இல்லாமல் வந்த ஒருவர். ஆர்.ஹெச். நாதன். தமிழ்நாட்டிலிருந்து வந்து 'தமிழ் நேசன்' பத்திரிகையில் வேலை பார்த்தவர். அதுவரை வந்த பெரியவர்களெல்லாம் தோட்டத்தைக் காரிலிருந்து பார்த்தார்கள். இவர் இறங்கிப் பார்த்தார். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தபோது முன்னால் நின்றார். கோரிக்கைப் பட்டியலில் சம்பள உயர்வு இருந்தது, கள்ளுக்கடையை மூடுவது இருந்தது. நடுவில் ஒரு கோரிக்கை, படித்தால் சிரிப்பு வரும், சிரித்து முடித்தால் தொண்டை அடைக்கும்: துரையையோ ஆபீஸ்காரரையோ கண்டால் தொழிலாளி சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்கிற வழக்கத்தை ஒழிக்க வேண்டும்.

கவனியுங்கள், துரைக்கு மட்டும் இல்லை. கறுப்புத் தோல் ஆபீஸ்காரருக்கும் இறங்க வேண்டும். அந்த ஆபீஸ்காரர் யார்? பாதி இடத்தில் மலையாளத்தார், பாதி இடத்தில் நமது பிரிக்ஃபீல்ட்ஸ் கந்தசாமி கோயிலில் அர்ச்சனை செய்பவரின் ஒன்றுவிட்ட தம்பி. முந்தி இறங்கியவன் பிந்தி இறங்கியவனைச் சைக்கிளிலிருந்தும் இறக்கினான்!

எங்கள் தாத்தா அந்த நாட்களில் துரையைப் பார்த்தும் சைக்கிளிலிருந்து இறங்காமல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனார் என்று எங்கள் வீட்டில் ஒரு புராணம் உண்டு. தீபாவளிக்குத் தீபாவளி சொல்வார்கள். பாட்டி சாவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "ஒங்க தாத்தா எறங்கத்தான் பாத்தாரு. பிரேக்கு புடிக்கல." சுதந்திரப் போராட்டத்தில் சில தியாகங்கள் இப்படியும் நடந்திருக்கின்றன.

நாதனை மே மாதம் கைது செய்து இந்தியாவுக்கு நாடுகடத்தினார்கள். தொழிலாளர்கள் ஆத்திரத்தில் திரண்டார்கள். சிப்பாய்கள் சுட்டார்கள். ஆட்கள் செத்தார்கள். இந்த இடத்தில் ஜோக் அடிக்க எனக்குக் கை வரவில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். மலாயாவுக்கு வந்த விருந்தாளிகளில், போக வேண்டாம் என்று இங்கிருந்தவர்கள் நிஜமாகவே அழுதது இவருக்குத்தான். கப்பலேற்றி அனுப்பும் செலவை வெள்ளைக்காரன் ஏற்றுக்கொண்டதும் இவருக்குத்தான்.

நேருவும் வந்தார். 1937-இல் மகள் இந்திராவோடு வந்தபோது அவர் காங்கிரஸ் தலைவர். 1946 மார்ச்சில் வந்தபோது அடுத்த பிரதமர் என்று ஊருக்கே தெரியும். சிங்கப்பூரில் கூட்டம் நெருக்கியடித்ததில் மவுண்ட்பேட்டனின் மனைவி எட்வினா கீழே விழ, நேருவும் மவுண்ட்பேட்டனும் கைகோத்துக்கொண்டு முட்டித் தள்ளி அவரை மீட்டார்கள். எங்கள் ஆட்கள் வெள்ளைக்காரச் சீமாட்டியைத் தள்ளிவிட வேண்டும் என்று நினைக்கவில்லை, பண்டிதரின் ஷெர்வானி நுனியைத் தொட வேண்டும் என்றுதான் நினைத்தார்கள். ஏகாதிபத்தியத்தை எங்கள் ஊரில் கீழே தள்ளியது இப்படி, வேறு ஒருவரைப் பார்க்கப் போகிற வழியில்.

கோலாலம்பூருக்கும் வந்தார், மாலை வாங்கினார், போனார். அதே வருடம் ஆகஸ்டில் இங்கே ஒரு கட்சி பிறந்தது. பெயர்? மலாயா இந்தியன் காங்கிரஸ். வீட்டுக்கு வந்த பெரிய மாமாவின் பெயரையே குழந்தைக்கு வைத்துவிட்டோம். தொடங்கியவர் ஜான் திவி, இங்கே பிறந்தவர். அடுத்த வருடமே அவரை இந்தியா தன்னுடைய பிரதிநிதியாக இங்கே நியமித்துக்கொண்டது. மலாயாத் தமிழன் ஒருவன் மலாயாவுக்கே இந்திய விருந்தாளியாக வந்த சாதனை இது. கப்பல் டிக்கெட் செலவுகூட இல்லை.

நேரு பிற்பாடு வெளிநாட்டு இந்தியர்களுக்குச் சொன்ன அறிவுரை என்ன தெரியுமா? நீங்கள் இருக்கிற நாட்டையே உங்கள் நாடாக ஏற்றுக்கொள்ளுங்கள், எல்லாவற்றுக்கும் இந்தியாவைத் திரும்பிப் பார்க்காதீர்கள். நியாயமான பேச்சு. வந்த விருந்தாளிகளிலேயே உருப்படியான யோசனை சொன்னவர் என்றுகூடச் சொல்வேன். ஆனால் அதைக் கேட்ட எங்கள் பெரியவர்கள் என்ன செய்தார்கள்? அந்த அறிவுரை சொன்னவரின் படத்தை ஃப்ரேம் போட்டு ஹாலில் மாட்டி, தினமும் திரும்பிப் பார்த்தார்கள்.

1966-க்கு வருவோம். இந்த முறை ஆட்டத்தைக் கொஞ்சம் மாற்றினோம். ஏப்ரலில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு. ஏற்பாடு செய்தவர் தனிநாயகம் அடிகள், இலங்கைத் தீவிலிருந்து வந்த கத்தோலிக்கப் பாதிரியார். ஆராய்ச்சி மன்றத்துக்குத் தலைவர் ஃபிலியோசா, பிரெஞ்சுக்காரர். திறந்துவைத்தவர் துங்கு அப்துல் ரஹ்மான், கெடா அரச குடும்பத்து மலாய்க்காரர். தமிழ்நாடு எங்கே? விருந்தினர் வரிசையில்!

ஒரு வாரம் உட்கார்ந்து கட்டுரை வாசித்தார்கள், சண்டை போட்டார்கள், அடிக்குறிப்பைத் திருத்தினார்கள். ஒரு சிலைகூட வைக்கவில்லை. 1968-இல் இரண்டாவது மாநாடு சென்னைக்குப் போனது. மெரினாவில் வரிசையாகப் பத்துச் சிலை முளைத்தது, ஊர்வலம், அலங்கார வண்டி, திருவிழா. எங்கள் பாணி ஆறு பேர் தூங்குகிற செமினார். அவர்கள் பாணி ஆறு லாரி நிறையக் கட்அவுட். அதற்கப்புறம் 1987, 2015, 2023 என்று இன்னும் மூன்று முறை கோலாலம்பூரில் மாநாடு நடந்துவிட்டது. நாங்களும் கட்அவுட் வைக்கக் கற்றுக்கொண்டுவிட்டோம். விருந்தாளி எதையாவது விட்டுவிட்டுத்தானே போவார்?

மாநாட்டுக்கு வருகிறவர்களுக்குக் காலையில்தான் முதல் அதிர்ச்சி. "பசியாறிட்டீங்களா?" என்று கேட்போம். டிபன் சாப்பிட்டாச்சா என்றுதான் அர்த்தம். அவர் முகம் சிவந்துவிடும், தன்னைப் பட்டினி கிடப்பவன் என்று நினைத்துவிட்டார்களே என்று. கடையில் போய் உட்கார்ந்தால், தோசை மூணு வெள்ளி என்பான். "வெள்ளிக்கிழமை மட்டும்தான் போடுவீங்களா?" என்று ஒருவர் கேட்டதை நானே காதால் கேட்டேன். சங்க இலக்கியத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். எங்கள் ரிங்கிட்டுக்குத் தமிழில் வெள்ளி என்று பெயர் என்று விளக்கினேன். உடனே நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டு சாயங்காலம் மேடையில் சொன்னார்: "பாருங்கள், இங்கேதான் தமிழ் வாழ்கிறது!"

அவர் மகிழ்ச்சியைக் கெடுக்க வேண்டாம் என்று பேசாமல் இருந்துவிட்டேன். எங்கள் பத்திரிகையும் ரேடியோவும் பேருந்து, மகிழுந்து, கைப்பேசி என்று சுத்தமாகத்தான் பேசும். 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளும் இருக்கின்றன. ஆனால் மண்டபத்துக்கு வெளியே மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்திருந்த என் தம்பி மகன் அந்த நேரத்தில் போனில் சொல்லிக்கொண்டிருந்தது இது: "டேய் மச்சான், ஸ்பீச் லாமா லா, ஜோம் மக்கான்." பேச்சு ரொம்ப நீளம், வா சாப்பிடப் போகலாம் என்று அர்த்தம். தமிழ் வாழ்கிறதுதான். வாடகைக்கு இரண்டு மொழிகளைக் கூட வைத்துக்கொண்டு வாழ்கிறது.

சினிமாக்காரர்களை விட்டுவிட்டால் சாமி கண்ணைக் குத்தும். பத்துமலையில் 42.7 மீட்டர் உயர முருகனை 2006 ஜனவரியில் நிறுத்தினோம். அடுத்த வருடமே அஜித் வந்து 'பில்லா'வுக்காக அவர் காலடியில் ஆடிவிட்டுப் போனார். 2016-இல் 'கபாலி'. ரஜினி கோட்டு சூட்டில் எங்கள் தெருவில் நடந்தார். விமானத்தின் மேலேயே அவர் படத்தை வரைந்தார்கள். தோட்டத்துத் தமிழன் பட்ட பாட்டை ஒரு பெரிய ஹீரோ சொல்கிறாரே என்று நிஜமாகவே நெஞ்சு நிறைந்தது. நிறைந்த நெஞ்சோடு வெளியே வந்த கிள்ளான்காரன் கேட்ட முதல் கேள்வி: "எல்லாம் சரி, நம்ம ஊர்ல எவன்டா இந்த வெயில்ல கோட்டு போடுறான்?"

அந்தப் படம் தமிழ்நாட்டில் துப்பாக்கிச் சத்தத்தோடு, செத்தாரா பிழைத்தாரா என்று தெரியாமல் முடியும். மலேசியாவில் மட்டும், கபாலி போலீசில் சரணடைந்தார் என்று எழுத்துப் போட்டு முடித்தார்கள். தாகூரிலிருந்து நேருவரை யாருக்கும் நாங்கள் செய்யாத மரியாதை. விருந்தாளியைப் பிடித்து உள்ளே வைத்துவிட்டோம்.

இவ்வளவு பேர் வந்து போன ஊரில் ஒரு வாசலாவது வேண்டாமா? 2010 அக்டோபரில் மன்மோகன் சிங் வந்து பிரிக்ஃபீல்ட்ஸ் லிட்டில் இந்தியாவைத் திறந்துவைத்தார். 2015 நவம்பரில் மோடி வந்து தோரண வாயிலைத் திறந்துவைத்தார். இந்தியாவின் அன்பளிப்பு. எந்தப் பாணியில்? மத்தியப் பிரதேசத்துச் சாஞ்சி ஸ்தூபியின் வாசல். முறுக்குக் கடையும், பூக்கடையும், யாழ்ப்பாணத்துப் பென்ஷன்காரர்களும் உள்ள தெருவுக்குச் சாஞ்சி! அந்த வட்டாரத்தில் அதைப் பார்த்து, அட நம்ம வீட்டு வாசல் மாதிரி இருக்கிறதே என்று சந்தோஷப்படக்கூடியவர்கள், 1894-இலிருந்து அங்கே இருக்கும் சிங்கள பௌத்த விகாரைக்காரர்கள்தான்.

இவ்வளவு நேரம் சிரித்தாயிற்று. இப்போது கண்ணாடியைக் கொஞ்சம் திருப்புவோம். நாங்கள் சென்னைக்குப் போனால் எப்படி இருப்போம் தெரியுமா? அரைக்கால் சட்டை, கழுத்தில் பாஸ்போர்ட் பை. பெட்டியைத் திறந்தால் மைலோ டின், கோடாலித் தைலம், பிஸ்கட். இறங்கிய பத்தாவது நிமிடத்தில், "எங்க ஊர்ல ரோடு இப்படி இருக்காது" என்போம். கடைக்காரரிடம் விலையை வெள்ளியில் மாற்றிச் சத்தமாகக் கணக்குப் போடுவோம். குலதெய்வம் கோயிலில் நின்று, பரம்பரையாக அங்கேயே இருக்கும் பூசாரிக்கு, பூசை எப்படிச் செய்ய வேண்டும் என்று கிளாஸ் எடுப்போம். கிராமத்துச் சித்தப்பா மீசைக்குள் சிரித்துக்கொண்டே மாலை போடுவார். நல்ல பிள்ளைங்கதான், சத்தம்தான் கொஞ்சம் ஜாஸ்தி. ஆமாம், அந்த ஊரில் நாங்கள்தான் அமெரிக்கா!

போன மாதம் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடையில் உட்கார்ந்து தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தேன். புதுப் பையன், ஊரிலிருந்து வந்து ஆறு மாதம் ஆகிறதாம். தெரியாதவன் என்று நினைத்து, இந்தத் தெரு எப்படி வந்தது, செங்கல் எப்படிச் சுட்டார்கள், சுவெட்டன்ஹாம் யார் என்று முழு லெக்சர் கொடுத்தேன். மேஜையைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான். முடித்ததும், "சாருக்கு எந்த ஊரு?" என்றான்.

"கிள்ளான்."

"அது தெரியுது சார். அதுக்கு முன்னாடி?"

"தாத்தா துறையூர்ப் பக்கம்."

பையன் முகம் மலர்ந்துவிட்டது. "அட, நமக்கும் அந்தப் பக்கம்தான் சார்! எங்க ஊர்ல 'மலாயாக்காரன்'னு ஒரு வசவு உண்டு."

"வசவா? என்ன அர்த்தம்?"

"அடுத்த தைக்கு வந்துடறேன்னு கடன் வாங்கிட்டுப் போயி, வராமலே போனவன்."

நான் டீயை மடமடவென்று குடித்துவிட்டு எழுந்தேன். ஊர்க்காரர் என்று காசு வேண்டாம் என்பானோ என்று ஒரு நொடி நின்று பார்த்தேன். பையன் பில்லை நீட்டினான். "மொத்தமா குடுத்துடுங்க சார். தைக்குத் தரேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."